12 வோல்ற் எண்டு நினைச்சு 14.4 இல எரிஞ்ச எல்ஈடி: குசினி லைற் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதினதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதல்ல ஒருக்காச் சொல்லுறன், பிழையெண்டால் திருத்துங்கோ. சாவகச்சேரியில அம்மம்மாவின்ர குசினி பகலிலயும் இருட்டு, அதுக்கு 20 வாட் சோலர் தகடும் பற்றரிக்குச் சார்ஜ் போறதைக் கட்டுப்படுத்துற சின்னக் கொன்ரோலரும் 12 வோல்ற் 7 அம்பியர்-அவர் பற்றரியும் வைச்சு, 1 வாட் வெள்ளை எல்ஈடி மூண்டை ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தொடராக் கொழுவி, கரண்டை மட்டுப்படுத்த 6.8 ஓம் ரெசிஸ்ரர் போட்டிருக்கிறியள். முதல் போட்ட கால் வாட் ரெசிஸ்ரர் கருகிப் போச்சு, பேந்து அரை வாட் போட அதுவும் கருகிட்டுது, பிறகு 5 வாட் வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்ரர் போட அது நிண்டு பிடிச்சிட்டுது, ஆனா நாலாம் நாள் மத்தியானம் ஒரு எல்ஈடி நீலமா மாறி அடுத்த நாள் மூண்டும் அணைஞ்சு போச்சு. எல்ஈடியளைப் பிளைவூட் துண்டில சுப்பர் குளூவால ஒட்டி பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள வைச்சு மூடினனீங்கள். கணக்குப் பாத்துத்தானே 6.8 போட்டனான், எங்க பிழை எண்டு கேக்கிறியள்.

கணக்கில பிழை இல்லை, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். 12 இல இருந்து மூண்டு எல்ஈடிக்கும் 3.2 வோல்ற் படி 9.6 ஐக் கழிச்சால் 2.4 வோல்ற் மிச்சம், அதை 1 வாட் எல்ஈடிக்குரிய 0.35 அம்பியரால பிரிச்சால் 6.86, கடையில கிடைக்கிறது 6.8, வடிவாச் செய்திருக்கிறியள். பிழை எங்கயெண்டால் அந்த "12" இல இருக்கு. மற்றப் பிழை பிளைவூட்டில இருக்கு. இந்த ரெண்டையும்தான் ஆறுதலாச் சொல்லப்போறன், ஏனெண்டால் இஞ்ச சோலரில எல்ஈடி கொழுவுற முக்காவாசிப் பேர் இந்த ரெண்டிலதான் அடிபடுறதை நான் கண்டிருக்கிறன்.

ரெசிஸ்ரர் கருகினதைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். ரெசிஸ்ரரில சூடாப் போற வலு எண்டது கரண்டின்ர வர்க்கத்தை ஓமால பெருக்கிறது, 0.35 × 0.35 × 6.8, கிட்டத்தட்ட 0.83 வாட். கால் வாட் சாமானுக்கு அது மூண்டு மடங்குக்கு மேல, அரை வாட்டுக்கும் கூட. 1 வாட் போட்டால் காணுமோ எண்டு கேட்டால், பேருக்குக் காணும், ஆனா நம்பி ஓடவிடக் காணாது. ரெசிஸ்ரரில அடிச்சிருக்கிற வாட் எண்டது அநேகமா சுத்தியிருக்கிற காத்து 70 பாகைக்குள்ள இருக்கேக்க, நல்ல காத்தோட்டத்தில, அது தாங்கக்கூடிய உச்சம். அந்த உச்சத்தில ஓடேக்க அதின்ர உடம்பு 150 பாகைக்கு மேலயும் போகும், அதைப் பூட்டின போட் கறுக்கும், ஒட்டின ஈயம் தளரும். அதால கணக்கில வாறதின்ர ரெண்டு மடங்காவது போடுங்கோ, மூடின பெட்டியெண்டால் மூண்டு மடங்கு. 5 வாட் சீமெந்து ரெசிஸ்ரர் நிண்டு பிடிச்சது அதாலதான்.

ஆனா ரெசிஸ்ரர் கருகாமல் நிண்டது எல்ஈடிக்கு நல்லதில்லை எண்டதையும் யோசியுங்கோ. கால் வாட் கருகினபோது அது பியூஸ் மாதிரி எல்ஈடியைக் காப்பாத்தினது. 5 வாட் போட்ட பிறகு அந்தக் காவல் போச்சு, வாற கரண்ட் முழுக்க எல்ஈடிக்குள்ள போயிருக்கு.

இப்ப அந்த 12 க்கு வாறன். ஈய அமிலப் பற்றரியில "12 வோல்ற்" எண்டு எழுதியிருக்கிறது ஒரு பேர் மட்டும்தான். சார்ஜ் இறங்கி முடியிற நேரம் 11.5 க்குப் பக்கத்தில நிக்கும், நல்லாச் சார்ஜ் ஆகி ஆறுதலா இருக்கேக்க 12.7, ஆனா தகட்டில வெயில் நேரா விழுந்து கொன்ரோலர் சார்ஜ் ஏத்திக்கொண்டிருக்கேக்க 14.4 வரைக்கும் போகும். இரவில மட்டும் எரியிற லைற் எண்டால் இந்த 14.4 ஐ அவ்வளவாக் காணாது. உங்கட அம்மம்மா மத்தியானம் சமைக்கேக்க லைற்றைப் போடுறா, அந்த நேரம்தான் வெளியில வெயில் உச்சம், பற்றரி 14.4 இல நிக்கும். நாலாம் நாள் மத்தியானம் பழுதானது எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்ச உடனயே எனக்கு இதுதான் மனசில பட்டது.

14.4 இல இருந்து 9.6 போனால் 4.8 வோல்ற், அதை 6.8 ஆல பிரிச்சால் 0.7 அம்பியர். ரெண்டு மடங்கு! உண்மையில கரண்ட் கூட எல்ஈடியின்ர வோல்ற்றும் கொஞ்சம் ஏறும், ஆனபடியா 0.55, 0.6 இல நிண்டிருக்கும், அதுவும் 0.35 க்கு எண்டு செய்த சாமானுக்கு மெத்தக் கூட. பற்றரி ஏறினது நூற்றுக்கு 20 தான், கரண்ட் ஏறினது நூற்றுக்கு 60, 70. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானா விளங்கும்.

ஏன் இப்பிடி எண்டால், எல்ஈடி ஒரு குண்டு பல்ப் மாதிரி இல்லை. தோட்டத்து வாய்க்காலில மண்ணால மடை கட்டியிருக்கெண்டு வையுங்கோ. தண்ணி மடையின்ர உயரத்துக்குக் கீழ நிக்கிற மட்டும் அங்கால ஒரு சொட்டும் போகாது, உயரத்தைத் தொட்டுக் கொஞ்சம் கசியும், அதுக்கு மேல ரெண்டு விரலளவு ஏறினால் காணும், குபுகுபுவெண்டு பாய்ஞ்சு பயிரையே இழுத்துக்கொண்டு போயிடும். வெள்ளை எல்ஈடிக்கு அந்த மடை 2.7, 2.8 வோல்ற்றில கசியத் தொடங்கும், 3.2 க்குப் பக்கத்தில 350 மில்லி அம்பியர், அதுக்கு மேல ஒவ்வொரு 0.1 வோல்ற்றுக்கும் கரண்ட் பாய்ஞ்சு பாய்ஞ்சு ஏறும். இதில இன்னொரு கொடுமை, எல்ஈடி சூடாகச் சூடாக அந்த மடை தாழும், ஒவ்வொரு பாகைக்கும் 2 இல இருந்து 4 மில்லி வோல்ற் படி. அப்ப வோல்ற்றை மாறாமப் பிடிச்சுக்கொண்டு எல்ஈடியை நேரா அதில கொழுவினால் சூடு ஏற மடை தாழும், மடை தாழ கரண்ட் ஏறும், கரண்ட் ஏறச் சூடு இன்னும் ஏறும், சுத்திச் சுத்தி அழிஞ்சு போகும். ரெசிஸ்ரர் இந்தச் சுத்தை முறிக்கிறதுக்குத்தான் இருக்கு. ஆனபடியா அது எவ்வளவு வோல்ற்றைத் தனக்குள்ள விழுத்துதோ அவ்வளவுக்குத்தான் அதின்ர பிடி. 12 இல 2.4 மட்டும் விழுத்துற ரெசிஸ்ரருக்குப் பிடி காணாது, பற்றரி 2.4 ஏறினாலே அதின்ர பங்கு ரெண்டு மடங்காகிப் போச்சு, பாத்தியளே.

எங்கட ஊரில வயசான ஆக்களைக் கேட்டால் 90 களில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி மிதிச்சு டைனமோவில ரேடியோ கேட்ட கதை சொல்லுவினம். அந்த 6 வோல்ற் 3 வாட் டைனமோவில ஒரு அருமையான குணம் இருக்கு. வேகமா மிதிச்சால் வோல்ற் ஏறும் எண்டுதான் நினைப்பம், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற சுருளின்ர தடையும் வேகத்தோட சேந்து ஏறுறதால கரண்ட் அரை அம்பியருக்குப் பக்கத்தில தானாவே மட்டுப்பட்டு நிண்டிடும். டையோட் நாலு போட்டு நேராக்கிப்போட்டு 700 மில்லி அம்பியர் தாங்குற எல்ஈடி ஒண்டு ரெண்டைத் தொடராக் கொழுவினால் ரெசிஸ்ரரே தேவையில்லை, அது பாட்டுக்கு எரியும். எல்ஈடிக்கு வேணுமெண்டது அப்பிடியான ஆள்தான், கரண்டைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆள். பற்றரி அப்பிடியில்லை, அது வோல்ற்றைப் பிடிச்சுக்கொண்டு கேக்கிற கரண்டையெல்லாம் அள்ளிக் குடுக்கும்.

சரி, உங்கட சாமானுக்கு என்ன போடுறது. எப்பவும் வரக்கூடிய உச்ச வோல்ற்றை வைச்சுத்தான் கணக்குப் போடவேணும், எழுதியிருக்கிற வோல்ற்றை வைச்சில்லை. 14.4 இல இருந்து 9.6 போனால் 4.8, அதை 0.35 ஆல பிரிச்சால் 13.7, அதுக்கு மேல கடையில இருக்கிறது 15 ஓம். 15 போட்டால் மத்தியானம் 14.4 இல 0.32 அம்பியர், இரவில 12 க்கு வரேக்க எல்ஈடியின்ர வோல்ற்றும் 9.2 க்கு இறங்கி 0.19 அளவில ஓடும், 11.5 இல 0.16. இரவில வெளிச்சம் குறையுமே எண்டு யோசிப்பியள், அதைப்பற்றிக் கவலைப்படாதேங்கோ, கரண்ட் அரைவாசியானால் வெளிச்சம் அரைவாசிக்கு மேல நிக்கும், எல்ஈடி குறைஞ்ச கரண்டில கூடத் திறமா வேலை செய்யிற சாமான், கண்ணுக்கும் அந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது. பற்றரி இறங்க இறங்க லைற் மங்குறது அம்மம்மாவுக்கு ஒரு அறிகுறியாவும் இருக்கும், ஈய அமிலப் பற்றரியை அடிமட்டம் வரைக்கும் வத்தவிட்டால் அது கெதியாச் செத்துப்போகும்.

ரெண்டு எல்ஈடி மட்டும் தொடராப் போட்டு 27 ஓம் போடுற வழியும் இருக்கு, அதில 14.4 இல 0.3 அம்பியர், 12 இல 0.22, பாருங்கோ எவ்வளவு சீரா நிக்குதெண்டு. ரெசிஸ்ரர் கூட வோல்ற்றை விழுத்துறதால பிடி நல்லா இருக்கு. ஆனா பற்றரியில இருந்து எடுக்கிறதில அரைவாசி ரெசிஸ்ரரில வெறும் சூடாப் போகுது, மூண்டு தொடரில கால்வாசிதான் போகும். 7 அம்பியர்-அவர் சின்னப் பற்றரிக்கு நான் மூண்டையும் 15 ஓமையும்தான் சொல்லுவன், இரவில 0.2 அம்பியர் படி எடுத்தால் பற்றரியில அரைவாசிக்கு மேல வத்தவிடாமலே 17 மணித்தியாலம் எரியும். வெளிச்சம் காணாட்டி அதே மாதிரி இன்னொரு தொடரைத் தனி ரெசிஸ்ரரோட பக்கத்தில போடுங்கோ, உள்ள தொடரின்ர கரண்டைக் கூட்டாதேங்கோ. நாலு எல்ஈடியை ஆறுதலா எரிக்கிறது ரெண்டை உச்சத்தில எரிக்கிறதை விட எல்லா விதத்திலயும் நல்லது, சூடும் குறைவு, ஆயுளும் கூட.

"தனி ரெசிஸ்ரர்" எண்டதை அழுத்திச் சொல்லுறன். ரெண்டு தொடரையும் பக்கம் பக்கமாக் கொழுவிப்போட்டு ஒரே ரெசிஸ்ரரைப் போடுற ஆக்கள் இருக்கினம். ஒரே பக்கெற்றில வாங்கின எல்ஈடியிலயே ஒண்டு 3.1 இல 350 எடுக்கும், மற்றது 3.3 இலதான் எடுக்கும். தாழ்ந்த மடை உள்ள தொடர் கூடக் குடிக்கும், சூடாகும், இன்னும் தாழும், இன்னும் குடிக்கும். முதல்ல அது போகும், அது அறுந்தால் கரண்ட் முழுக்க மற்றதுக்குப் போய் அதையும் கொண்டுபோகும்.

15 ஓமில போற வலு 0.32 × 0.32 × 15, ஒண்டரை வாட். உங்களிட்ட இருக்கிற மாதிரி 5 வாட் சீமெந்து ரெசிஸ்ரரே வாங்குங்கோ, அதில 5டபிள்யூ15ஆர்ஜே எண்டு அடிச்சிருக்கும், ஆர் எண்டது ஓம், ஜே எண்டது நூற்றுக்கு 5 கூடக் குறைய இருக்கலாம் எண்ட அர்த்தம். பழையதில 6ஆர்8 எண்டு இருந்திருக்குமே, அதில ஆர் நிக்கிற இடம்தான் புள்ளி. கடையில 15 இல்லாட்டி 1 வாட் 56 ஓம் நாலைப் பக்கம் பக்கமாச் சேத்தால் 14 ஓம், ஒண்டரை வாட்டும் நாலாப் பிரிஞ்சு ஒவ்வொண்டும் 0.4 வாட்டோட வெதுவெதுப்பா இருக்கும், உண்மையில எனக்கு இதுதான் கூடப் பிடிக்கும். எதைப் போட்டாலும் போட்டில ஒட்டப் படுத்தாமல் அரை அங்குலம் தூக்கி ஈயம் வையுங்கோ, எல்ஈடி பூட்டின தகட்டில இருந்து தள்ளி வையுங்கோ. எல்ஈடியைக் குளிர வைக்கவெண்டு போட்ட தகட்டிலயே கொண்டுபோய் ரெசிஸ்ரரையும் ஒட்டினால் அதின்ர ஒண்டரை வாட் சூட்டையும் எல்ஈடி சுமக்கும்.

இனிச் சூடு. இதுதான் எனக்கு மனவருத்தமான விசயம், ஏனெண்டால் கரண்டைச் சரியாக் கணக்குப் போட்டவையும் இதில கோட்டை விடுறதைக் கனக்கக் கண்டிருக்கிறன். எல்ஈடி சூடாகாது எண்டு ஒரு கதை ஊரில பரவியிருக்கு. குண்டு பல்ப் தன்ர சூட்டில பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத கதிரா முன்பக்கத்தால வீசிவிடும், இழை 2000 பாகைக்கு மேல போனாலும் அதுக்குப் பிரச்சினை இல்லை. எல்ஈடியின்ர வெளிச்சத்தில சூடு இல்லை, அதால கையை முன்னுக்குப் பிடிச்சால் சுடாது, ஆனா உள்ளுக்க போற வலுவில மூண்டில ரெண்டு பங்கு, மலிவுச் சாமானில நாலில மூண்டு பங்கு சூடாத்தான் மாறுது. அந்தச் சூட்டுக்கு முன்பக்கத்தால போக வழி இல்லை, பின்பக்கத்தால உலோகத்தைத் தொட்டுத்தான் போகவேணும். பின்பக்கம் நீங்கள் வைச்சது பிளைவூட்.

அலுமினியத்துக்கும் மரத்துக்கும் சூடு கடத்துறதில ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். எல்ஈடிக்கு அடியில ஒட்டி வாற அந்தச் சின்ன ஆறு முனை நட்சத்திரத் தகடு 20 மில்லிமீற்றர்தான், அது சூட்டை எல்ஈடிக்குள்ள வெளிச்சம் தாற சிப்பில இருந்து வாங்கி அடுத்தவனிட்டக் குடுக்கிற கை மட்டும்தான், தானாக் காத்துக்கு விட அதிட்டப் பரப்பு இல்லை. பின்னுக்கு மரம், நடுவில சுப்பர் குளூ, சுத்தி மூடின பிளாஸ்ரிக், வெளியில அடுப்பு எரியிற குசினி. ஒவ்வொரு எல்ஈடியும் அண்டைக்கு மத்தியானம் 2 வாட் அளவில எடுத்திருக்கும், சிப்புக்குள்ள 150 பாகையைத் தொட்டிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். நல்ல கொம்பனிச் சிப்புக்கே 150 தான் கடைசி எல்லை, சிலதுக்கு 120, 125. வருசக்கணக்கில எரியவேணுமெண்டால் 85 க்குள்ள வைச்சிருக்கவேணும்.

நீலமா மாறினதும் இதாலதான். வெள்ளை எல்ஈடி எண்டு தனியா ஒரு சிப் இல்லை, உள்ளுக்க இருக்கிறது நீலச் சிப், அந்த நீலத்தைக் கண்டுபிடிச்ச யப்பானில பிறந்த மூண்டு பேருக்கும், அகாசாகி, அமானோ, நாகமூரா, 2014 இல பௌதிக நோபல் பரிசு குடுத்தவை. நீலச் சிப்புக்கு மேல மஞ்சள் பொஸ்பர் பூசியிருக்கும், நீலத்தில ஒரு பங்கு மஞ்சளா மாறி ரெண்டும் கலந்து வெள்ளையாத் தெரியுது. சூடு கூட அந்தப் பொஸ்பர் வேலை செய்யாமல் விடும், அதைப் பிடிச்சிருக்கிற சிலிக்கோன் பசை வெடிக்கும், சிப்பில இருந்து கழரும், நீலம் அப்பிடியே வெளியில வரும். எல்ஈடி நீலம் காட்டினால் அது சூட்டுக்காயம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, பிறகு என்ன செய்தும் அது திரும்பாது. தொடரில இருந்த ஒண்டு உள்ளுக்க அறுந்த உடன மூண்டும் அணைஞ்சிருக்கும், மற்ற ரெண்டும் இன்னும் எரியக்கூடும், ஆனா அந்தச் சூட்டைக் கண்ட சாமானை அம்மம்மாவின்ர லைற்றில திருப்பிப் போடாதேங்கோ.

கணக்கு இப்பிடித்தான் பாக்கிறது. சிப்பில இருந்து காத்து வரைக்கும் சூடு தாண்டுற ஒவ்வொரு படியிலயும் ஒரு தடை, அதை "ஒரு வாட்டுக்கு எத்தினை பாகை" எண்டு சொல்லுவம். 1 வாட் எல்ஈடியின்ர உள்ளுக்க இருந்து அடி வரைக்கும் 8, 10, நட்சத்திரத் தகடும் அதுக்குக் கீழ பூசுற, சூடு கடத்துற பேஸ்ற்றும் சேந்து இன்னும் மூண்டு நாலு, பிறகு பெரிய தகட்டில இருந்து காத்துக்கு. உங்கட மூண்டு எல்ஈடியும் 15 ஓமோட 14.4 இல 3 வாட் எடுக்கும், அதில சூடு 2.3 வாட் எண்டு வையுங்கோ. 10 க்கு 15 சென்ரிமீற்றர் அலுமினியத் தகடு, 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பு, ரெண்டு பக்கமும் காத்துப் பட்டால் 300 சதுர சென்ரிமீற்றர் பரப்பு, அது 2.3 வாட்டுக்குப் பத்துப் பதினைஞ்சு பாகைதான் ஏறும். குசினி மத்தியானம் 40 எண்டு எடுத்தால் தகடு 55, ஒவ்வொரு எல்ஈடிக்குள்ளயும் 0.77 வாட் சூடு 13, 14 ஆல பெருகி இன்னும் பத்துப் பாகை, சிப் 65, 67 இல நிக்கும். இவ்வளவுதான் விசயம், 150 எங்க 67 எங்க. கணக்குப் போட நேரமில்லாட்டி ஒரு வாட் சூட்டுக்குக் குறைஞ்சது 60 சதுர சென்ரிமீற்றர் திறந்த பரப்பு எண்டு நினைவில வைச்சிருங்கோ, அதில 20 இல இருந்து 30 பாகை ஏறும், எங்கட வெக்கைக்கு அதை ரெண்டு மடங்காக்கினால் நிம்மதி.

தகட்டுக்கு எங்கயும் அலைய வேண்டாம். அலுமினியம் யன்னல் செய்யிற இடத்தில வெட்டிக் கழிச்ச அலுமினியச் சட்டத் துண்டுகள் கிடக்கும், கேட்டால் குடுப்பினம், ரெண்டடித் துண்டு எண்டால் ஆறு எல்ஈடிக்கும் காணும். பழைய கொம்பியூட்டரில கழட்டின சிபியூ ஹீற்சிங்க், அதான் சூட்டை வாங்கிக் காத்துக்கு விடுற உலோகக் கட்டி, எண்டால் 10 வாட் சிப்புக்கே பாவிக்கலாம். அம்பிளிபயர் திருத்துற ஆக்களிட்டையும் செட்டையள் வைச்ச கறுப்பு ஹீற்சிங்க் இருக்கும். கறுப்பு மெருகு போட்ட அலுமினியம் வெறும் மினுக்கின அலுமினியத்தை விடச் சூட்டைக் கூட வீசும், விசிறி இல்லாத இடத்தில அது உண்மையாவே வித்தியாசம் காட்டும். செட்டையள் நெட்டுக்கு நிக்கிற மாதிரிப் பூட்டுங்கோ, சூடான காத்து மேல எழும்பிப் போக வழி வேணும், படுத்துக் கிடந்தால் காத்துத் தேங்கும். கூரைத் தகரத்தைப் பாவிக்கலாமோ எண்டு ஒரு பிள்ளை முந்திக் கேட்டது, தகரம் மெல்லிசு, இரும்பு, சூடு பரவாமல் எல்ஈடிக்குக் கீழயே நிண்டிடும், வேண்டாம்.

பேஸ்ற் போடேக்க கவனம். உலோகமும் உலோகமும் தொடுற இடத்தில கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும், அதுக்குள்ள காத்து நிக்கும், காத்து சூடு கடத்தவே கடத்தாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பேஸ்ற், மெத்தை போடுறதுக்கில்லை. ஒரு அரிசியளவு வைச்சு அமத்தித் திருகி இறுக்கினால் காணும். பாண்துண்டுக்கு ஜாம் பூசுற மாதிரிப் பூசினால் பேஸ்ற்றே தடையாப் போகும், அது காத்தை விடத் திறம், அலுமினியத்தை விட எவ்வளவோ கீழ. சுப்பர் குளூவைத் தொடவேண்டாம், அது சூட்டில விடும், அதின்ர ஆவி எல்ஈடியின்ர கண்ணாடியில வெள்ளைப் புகை மாதிரிப் படியும். நட்சத்திரத் தகட்டின்ர வளைவில சின்னத் திருகாணி ரெண்டு போட இடமிருக்கு, திருகாணித் தலை ஈயம் வைச்ச இடத்தில முட்டாமல் நைலோன் வாசர் போடுங்கோ. நட்சத்திரத் தகடு இல்லாத வெறும் எல்ஈடியை நேரா ஒட்டுறதெண்டால் அதின்ர அடி உலோகம் ஒரு காலோட தொடுப்பா இருக்குதோ எண்டு மீற்றரால பாருங்கோ, சிலதில இருக்கும், அப்பிடியெண்டால் மூண்டையும் ஒரே அலுமினியத்தில வைச்ச உடன சோட் ஆகும்.

சாப்பாட்டுப் பெட்டியை விடுங்கோ. தகட்டின்ர பின்பக்கம் வெளியில தெரியிற மாதிரி முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு மறைப்பு வைச்சால் காணும். குசினியில எண்ணெய்ப் புகையும் கரியும் தகட்டில படிஞ்சு போர்வை மாதிரி மூடும், மாசத்தில ஒருக்கா ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்கோ. அடுப்புக்கு நேர மேல பூட்டாதேங்கோ. மற்றது கடற்கரைப் பக்கம், குருநகர், பருத்தித்துறை எண்டு செய்யிற ஆக்களும் இதை வாசிப்பினம், அங்க உப்புக்காத்து, அலுமினியமும் இரும்புத் திருகாணியும் தொடுற இடத்தில வெள்ளையாப் பூத்துப் போகும், துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போட்டு ஈயம் வைச்ச இடமெல்லாத்துக்கும் வார்னிஸ் பூசுங்கோ.

ரெசிஸ்ரரே வேண்டாம், கரண்டை மாறாமப் பிடிச்சு வைக்கிற டிறைவர் போடலாமே எண்டு ஆரும் சொல்லுவினம், சொல்லுறது சரிதான், 3 வாட்டுக்கு மேல போனால் நானும் அதைத்தான் செய்வன். எல்எம்317 எண்ட மூண்டு கால் ஐசியைக் கரண்ட் பிடிக்கிற மாதிரிக் கொழுவலாம், 1.25 ஐ ரெசிஸ்ரரால பிரிச்சது கரண்ட், 3.9 ஓம் போட்டால் 0.32 அம்பியர். ஆனா அது தனக்கெண்டு 3 வோல்ற்றுக்கு மேல கேக்கும், 12 இல மூண்டு எல்ஈடி ஓடாது, ரெண்டுதான், மிச்ச வோல்ற்றையெல்லாம் அதுவும் சூடாத்தான் கொட்டும், அதுக்கும் ஒரு ஹீற்சிங்க் வேணும், அதின்ர முதுகுத் தகடு கரண்ட் வெளியில வாற காலோட தொடுப்பு எண்டபடியால் நடுவில கரண்ட் கடத்தாத மைக்காத் துண்டு வைச்சுத்தான் பூட்டவேணும். பிடி4115 எண்ட டிறைவர் ஐசி போட்ட சின்னப் போட்டுகள் திறம், 6 இல இருந்து 30 வோல்ற் வரைக்கும் வாங்கும், 0.1 ஐ அதில இருக்கிற சின்ன ரெசிஸ்ரரால பிரிச்சால் கரண்ட், 0.3 ஓம் எண்டால் 330 மில்லி அம்பியர். நூற்றுக்கு 85, 90 எல்ஈடிக்கே போகும். 10 வாட் சிப்புக்கு, அது 9 இல இருந்து 12 வோல்ற்றுக்குள்ள 0.9 அம்பியர் எடுக்கிறது, ரெசிஸ்ரர் போட நினைக்கவே வேண்டாம். ஆனா டிறைவர் கரண்டை மட்டும்தான் காக்கும், பிளைவூட்டில ஒட்டினால் டிறைவர் போட்டதும் கருகும்.

புதுசு கொழுவ முதல் எல்ஈடி ஒவ்வொண்டையும் 470 ஓம் ஒண்டோட 12 வோல்ற்றில தொட்டுப் பாருங்கோ, 20 மில்லி அம்பியரில மெல்லிசா எரியும், ஹீற்சிங்க் இல்லாமல் பாக்கிறதுக்கு அவ்வளவும் காணும், முழுக் கரண்டில பத்துச் செக்கன் எண்டாலும் வெறுமனே எரிக்காதேங்கோ. எரியிற எல்ஈடியை நேரா உத்துப் பாக்கவும் வேண்டாம், கண். பற்றரியின்ர நேர் முனைக்குப் பக்கத்திலயே 1 அம்பியர் பியூஸ் ஒண்டு போடுங்கோ, அந்தச் சின்னப் பற்றரியே சோட் ஆனால் வயரைச் சிவக்க வைக்கும். பற்றரி முனையை வடிவா இறுக்குங்கோ, வெயில் நேரம் பற்றரி கழண்டால் மலிவுக் கொன்ரோலர் சோலர் தகட்டின்ர 18, 20 வோல்ற்றை நேரா லைற்றுக்கு அனுப்பக்கூடும்.

கொழுவின பிறகு மீற்றரை அம்பியரில வைச்சுத் தொடரை வெட்டத் தேவையில்லை, ரெசிஸ்ரருக்குக் குறுக்க வோல்ற் எடுங்கோ, அதை 15 ஆல பிரிச்சால் கரண்ட். 4.8 க்கு மேல காட்டக் கூடாது. ஒரு முழு வெயில் நாளில மத்தியானம் 12 மணிக்குப் போட்டு ஒரு மணித்தியாலம் விட்டிட்டுத் தகட்டில எல்ஈடிக்குப் பக்கத்தில விரலை வையுங்கோ. அஞ்சு செக்கன் பொறுத்துக்கொண்டு வைச்சிருக்க முடிஞ்சால் 55, 60 க்குள்ள நிக்குது, சரி. வைச்ச உடன கை தானா இழுத்தால் தகடு காணாது, இன்னொரு துண்டு பூட்டுங்கோ. அந்த மத்தியான வோல்ற்றையும் இரவு பத்து மணி வோல்ற்றையும் எழுதி அனுப்புங்கோ, ரெண்டாவது தொடர் போடுறதுக்குப் பற்றரி தாங்குமோ எண்டு பாத்துச் சொல்லுறன்.